நாற்பதாவது ஓடு

உலகத்து மேகமெல்லாம் அந்த ஆய்வுக்கூடத்தின் கூரைமேல்தான் கூடியிருந்தன. அப்படியொரு மழை. அவள் தட்டை ஏந்தி வெளியே வர, அவன் இன்னொரு தட்டோடு உள்ளே பாய... மோதல். அவளுடைய நாற்பது ஓடுகளும் பறந்து அவன் தட்டிலேயே போய் விழுந்தன.

நத்தை ஓடென்று நினைத்துவிடாதீர்கள். ஃபோராமினிஃபெரா. கடல் சேற்றில் ஒற்றைச் செல் உயிர் தனக்கெனக் கட்டிக்கொள்ளும் வீடு. கடுகைப் பத்தாக நறுக்கினால் ஒரு துண்டு. அவளுடையவை பாறையில் கிடைத்தவை, செத்து இரண்டு கோடி வருஷம் ஆனவை. சுருண்டு சுருண்டு வந்து கடைசி அறையில் மட்டும் திடீரென நிமிரும் அந்த வடிவம் எந்தப் பேரினத்திலும் அடங்கவில்லை. மூன்று வருஷ உழைப்பு. புதுப் பெயர் சூட்டுவதுதான் பாக்கி.

"கண்ணு எங்கங்க இருக்கு?"

"மூஞ்சிலதான். மழையில இன்னும் கரையல."

மூக்கு நுனியில் ஒரு துளி தொங்க அவன் சிரித்தான். அந்தத் துளி விழாமல் இருக்கவேண்டுமே என்று அவளுக்கு ஏன் தோன்றியதோ...

ஒரே மைக்ரோஸ்கோப். ஈரத் தூரிகையால் மாறி மாறிப் பொறுக்கினார்கள். அவன் கடலில் உயிரோடு பிடித்தவை, உள்ளிருக்கும் சதையில் சாயமேறி ரோஜாச் சிவப்பு, அவளுடையவை வெள்ளை. நிறத்தை விட்டுப் பார்த்தால்... அதே சுருள். அதே நிமிர்வு.

"உங்களோடது சாகவே இல்லைங்க," என்றான் மெதுவாக. "நானும் இதுக்குத்தான் பேர் வெச்சு எழுதிக்கிட்டிருக்கேன்."

முதலில் அச்சேறும் பெயர்தான் நிற்கும். அவள் அவசரமாக எண்ணினாள். முப்பத்தொன்பது. காணாமல் போனது, பெயருக்கே ஆதாரமாக அவள் ஒதுக்கி வைத்திருந்த மூல மாதிரி.

"நீங்க எடுத்துக்கிட்டீங்களா?"

சிரிப்பு அணைந்தது. "நான் திருடன் இல்லைங்க."

மறுநாள் ஆய்வுக் கப்பலேறிப் போய்விட்டான். மூன்று மாதம்.

ஆய்விதழ் வரும்போதெல்லாம் அவன் வைத்த பெயர் வந்திருக்கக் கூடாதே என்று பதறிப் பிரிப்பாள். வரவில்லையென்றதும் ஏமாந்து மூடுவாள். மழை பெய்தால் கதவையே பார்ப்பாள். அவனைப் போய்த் திருடனாக்கிவிட்டோமே...

"கட்டுரையை அனுப்பிட்டியாடி?" என்பாள் அக்கா.

"மாதிரி கிடைக்கலக்கா."

"கடுகுக்குள்ள புருஷனைத் தேடுறவளை இப்பத்தான் பாக்குறேன்."

மறுபடி ஒரு பேய்மழை. கதவு திறந்தது. அதே மூக்கு, அதே துளி.

"என் தட்டுலதாங்க இருந்திருக்கு. சாயமேறாத வெறும் ஓடுங்களோட கலந்து. ஓட்டோட வாயில பாறைத்தூள் ஒட்டியிருந்துச்சு, உங்களோடதுன்னு தெரிஞ்சுது. மன்னிச்சிடுங்க."

"நான்தான் மன்னிப்புக் கேக்கணும்... எப்பத் தெரிஞ்சுது?"

"கப்பலேறின மூணாம் நாள்."

"ஏதாவது துறைமுகத்துலேர்ந்து தபால்ல அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பியிருக்கலாம்... அப்புறம் எதைச் சாக்கு வெச்சு இங்க வர்றது?"

அவள் காது, சாயமேற்றாமலே சிவந்தது.

"உங்க கட்டுரை?"

"அனுப்பல. பேர் நீங்க வைங்க. உயிரோட இருக்கிறதைப் பத்தி மட்டும் நான் எழுதுறேன்... உங்க பக்கத்துல உக்காந்து." தயங்கினான். "ஒண்ணு கேக்கலாமா? மிச்சம் முப்பத்தொன்பது இருந்துச்சே. அதுல ஒண்ணை மூல மாதிரியா வெச்சு எப்பவோ அச்சேத்தியிருக்கலாமே?"

அவள் சட்டென்று குனிந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை ஒளித்துக்கொண்டாள். அடியில் ஓடே இல்லை.

"ஏத்தியிருக்கலாம்... அப்புறம் எதைச் சாக்கு வெச்சு நான் காத்திருக்கிறது?"