கழற்றிய ஹெரால்டு விற்பனைக்கு

செவ்வாயின் குமரவட்டத்தில் காலையானதும் வீடுகள் சுருங்கும். இரவில் படுக்க விரிந்து கொடுத்த சுவர்கள், பகலில் பொதுத்தோட்டத்துக்கு இடம் விட்டு உள்ளே நகரும். ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். பழநியப்பன் வீட்டில் மட்டும் சுவர் பாதியில் 'டங்' என்று நின்றுவிடும். இடித்தது கழற்றி வைத்த பழைய ஹெரால்டு காரின் பானெட்டை. வரிசைக்கே ஒரே சுவர் என்பதால் தெருவே நின்று போகும்.

"கார்க்கார ஐயா! எங்க கீரைக்கு வெயில் வேணும்யா!" என்று பக்கத்து வீட்டார் கத்துவார்கள்.

காரை முழுசாகக் கொண்டுவர எந்தக் கப்பலும் சம்மதிக்கவில்லை. பூமியிலிருந்து கல்யாணத்துக்கு வந்த உறவினர்கள் ஆளுக்கொரு பாகமாக மூட்டை கட்டி வந்தார்கள். கியர் பெட்டியைச் சுமந்த சகலை இன்றும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். பழநியப்பன் ஒவ்வொன்றையும் துடைத்தார், எண்ணெய் போட்டார், பெட்டியில் வைத்தார். பூட்டத்தான் நேரம் வரவில்லை.

வட்ட நிர்வாகம் கெடு வைத்தது. இந்த மாதத்துக்குள் கார் வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் குடும்பம் போக வேண்டும்.

"யாரை அனுப்பறதா உத்தேசம்?" என்றாள் மனைவி உமையாள்.

பழநியப்பன் விற்க ஒப்புக்கொண்டார். ஆனால் பூட்டி ஓட்டுகிறவருக்குத்தான் என்று பிடிவாதம். அந்த என்ஜின் உறுமுவதை ஒருமுறையாவது காதால் கேட்டுவிட வேண்டும் அவருக்கு. வந்த மனிதர்களோ பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி விளையாடினார்கள். இவர்களும் நம்மைப் போன்ற ஆட்கள்தான் என்று திருப்பி அனுப்பினார்.

கடைசியில் ஏகாம்பரம் வந்தார். நீராலையில் வேலை பார்க்கும் பொறியர். சம்பளமும் விடுமுறையும் கிடைத்த புதிதில் இயந்திர மனிதர்கள் தாங்களே பெயர் தேடிக்கொண்டபோது இவர் பிடித்துக்கொண்ட பெயர் அது.

"ஒரு பகல்ல பூட்டிடுவேன் அண்ணே," என்றவர், சொன்ன விலைக்கு அப்படியே தலையாட்டினார்.

பழநியப்பனுக்குச் சங்கடமாகிவிட்டது. "கொஞ்சம் குறைச்சுக் கேளுங்க. பேரமே பேசாம வாங்கிட்டுப் போனா எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

கடைசியில் பழநியப்பன் அவரே இரண்டு தரம் குறைத்து, அவரே முறைத்துக்கொண்டு, அவரே சம்மதித்தார்.

அடுத்த வாரம் கார் ஓடுவதைப் பார்க்கக் கணவனும் மனைவியும் கிளம்பினார்கள். உமையாள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ஏகாம்பரத்தின் கொட்டகை வாசலில் நீண்ட வரிசை. உள்ளே ஹெரால்டு பெட்டி பெட்டியாகக் கிடந்தது.

"பூட்டலையா?"

"பூட்டினேன் அண்ணே. தோட்டத்தைச் சுத்தி ஓட்டினேன். அந்த ஆசை தீர்ந்துபோச்சு. அடுத்து ஒரு மோட்டார் படகு பார்த்து வெச்சிருக்கேன். அதான் இதை விக்கலாம்னு நிறுத்தினேன். சத்தம் ஜாஸ்தின்னாங்க, கதவு சின்னதுன்னாங்க, ஒருத்தரும் வாங்கலை. கழட்டிப் பெட்டியில போட்டேன். இப்பப் பாருங்க கூட்டத்தை! எனக்கு இந்தக் கணக்கு மட்டும் விளங்கலை."

உறுமல் கேட்க வந்தவர் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஒரு பெட்டியைத் திறந்தார். கார்புரேட்டரை வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பாமல், "என்ன விலை சொல்றீங்க?" என்றார் மெதுவாக.

ஏகாம்பரம் சொன்னார். வாங்கியதைப் போல இரண்டு பங்கு.

உமையாள் கணவரின் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள்.

"தள்ளுங்க. உங்களுக்கு விக்கவும் தெரியாது, வாங்கவும் தெரியாது. வெளிவட்டத்துல சுவர் நகராத பழைய வீடு ஒண்ணு காலியா இருக்கு. போன வாரமே விசாரிச்சு வெச்சுட்டேன்."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பொறியர் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தம்பி, ஸ்டெப்னியும் சேத்துத்தானே இந்த விலை?"