உள்பக்கத்துக் குமிழ்

அலுமாரிக்குக் குமிழ் வாங்கப் போன இடத்தில், கடையே அதிரும்படி யாராவது கத்துவார்களா? தவமலர் கத்தினாள். ஏன் என்று தெரிந்தால் நீங்களும் சேர்ந்து கத்துவீர்கள்.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு. சித்திரை வருடப் பிறப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்து ஊரான பலாபத்வலயில் தவமலர் வீட்டுக்குச் சுவரோடு சேர்த்துப் புது அலுமாரிகள் செய்திருந்தார்கள். கதவுகள் போட்டாயிற்று. பிடியும் தாழும்தான் பாக்கி.

காற்றடித்தால் போதும், கதவுகள் தாமாகவே திறந்து உள்ளே இருப்பதை ஊருக்கெல்லாம் காட்டும். தபால்காரர் வந்த நேரம் பார்த்து அப்பாவின் ஓட்டைப் பெனியனைக் காட்டிவிட்டன. அம்மாவுக்கு மானமே போயிற்று.

"மாத்தளைக்குப் போய்த் தாழ் வாங்கிட்டு வந்துதான் மறுவேலை!" என்று அம்மா கிளம்பிவிட்டார். தவமலரும், ஐந்து வயதுத் தம்பி ராசுவும் கூடவே பஸ் ஏறினார்கள்.

இத்ரூஸ் நானாவின் இரும்புக்கடையில் மேசை முழுவதும் குமிழ்கள் பரப்பப்பட்டன. பித்தளைக் குமிழ், மரக் குமிழ், நீலப் பூப்போட்ட பீங்கான் குமிழ். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க ராசுவுக்குக் கை பரபரத்தது.

"அழகு அப்புறம் நானா. யாரு இழுத்தாலும் தொறக்காத பூட்டு முதல்ல காட்டுங்க" என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரெண்டு வருசத்துக்கு முந்தி நடந்த கலவரத்துல, பழைய வீட்டுல இருந்த எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. கல்யாணச் சேலை கூட மிஞ்சல."

நானா கையிலிருந்த குமிழைக் கீழே வைத்தார். பிறகு மூலையில் நின்ற பெரிய அலுமாரியிடம் கூட்டிப்போனார். "இது புதுசா வந்த பூட்டு தங்கச்சி. பாருங்க."

ஒரு விரலால் கதவைத் தள்ளினார். டக்! தானாகவே பூட்டிக்கொண்டது.

"சாவி இல்லாம தொறக்கவே ஏலாது. உங்கட சேலைக்கு நான் பொறுப்பு!" என்று சிரித்தபடி சாவியால் திறந்து காட்டினார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, சாவியை அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "இதையே கட்டுங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை.

படபடபடபட டமார்!

தெருவில் யாரோ சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை மேசையில் மோத, குமிழ்கள் நாலாபக்கமும் உருண்டன. சாவியும் எங்கோ விழுந்தது. தவமலர் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள்.

"பயப்படாதீங்க, பட்டாசுதான்! வருசம் பொறக்கப் போகுதுல்லியா?" என்றார் நானா.

சத்தம் ஓய்ந்தது. தவமலர் எழுந்து பார்த்தாள். ராசுவைக் காணவில்லை.

"ராசு! ஐயோ, எம் புள்ள எங்க?" அம்மா தெருவுக்கு ஓடினார். அங்கே இரத்தோட்டைக்குப் போகும் பஸ் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அம்மா குனிந்து அதன் சக்கரங்களுக்குக் கீழே பார்த்தார். நானாவும் பின்னால் ஓடினார்.

தவமலர் ஓடவில்லை. அவள் கண் மூலை அலுமாரியில் நிலைத்தது. சற்று முன் திறந்திருந்த கதவு இப்போது மூடியிருந்தது.

அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. கலவரத்தன்று பக்கத்து வீட்டு ஆஸியா மாமி அவர்களைத் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார். அம்மா பிள்ளைகள் இருவரையும் மாமியின் அலுமாரிக்குள் விட்டு, "சத்தம் போடக் கூடாது. நான் வந்து தொறப்பேன்" என்றார். அன்று முதல் எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும் ராசு அலுமாரிக்குள்தான் இருப்பான்.

அவள் கதவைத் தட்டினாள். "ராசு?"

பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டாள். உள்ளே யாரோ வேகவேகமாக மூச்சு வாங்குவது கேட்டது.

அப்போதுதான் கத்தினாள்.

"நானா, சாவி! தம்பி உள்ள இருக்கான்! சாவி!"

"யா அல்லா!" நானா ஓடிவந்து தரையில் தவழ்ந்து தேடினார். அம்மா ஓடிவந்து கதவைப் பிடித்து இழுத்தார். யார் இழுத்தாலும் திறக்காத பூட்டல்லவா? திறக்கவில்லை. தவமலர் ஆணிச் சாக்குகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினாள். கையில் கீறல் விழுந்தது, சாவியும் கிடைத்தது.

கதவு திறந்தது. வியர்வையில் நனைந்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியபடி குந்தியிருந்தான் ராசு.

"அக்கா, அவங்க போயிட்டாங்களா?" என்று மெல்லக் கேட்டான்.

நானா அப்படியே சிமெந்துப் பை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்டா கூப்பிடல?" என்று தவமலர்தான் கேட்டாள்.

"அம்மா வந்து தொறக்கிற வரைக்கும் சத்தம் போடக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

அம்மா அவனை அணைத்துக்கொண்டு அழுதுவிட்டார். "எனக்கு அலுமாரியே வேணாம்! எல்லாக் கதவையும் கழட்டிப் போடச் சொல்றேன்!"

"வேணாம்மா" என்றாள் தவமலர். "கதவு இருக்கட்டும். இல்லாட்டி இவன் எங்க போய் ஒளிவான்? ஆனா அவனே தொறந்துக்கிட்டு வெளிய வரணும். அப்படி ஒண்ணு தேடுவோம்."

எப்படித் தேடுவது? அவளே அலுமாரிக்குள் ஏறி உட்கார்ந்தாள். நானா ஒவ்வொரு தாழாகக் கதவில் வைத்துக் காட்டினார்.

"கொண்டி எப்படி மகள்?"

"உள்ளேருந்து எட்டாது நானா!"

"இந்த நாதாங்கி?"

"அதுவும் சரியில்ல! உள்ள மூட்டைப்பூச்சி மருந்து வேற நாறுது!"

நானா வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்தார். கதவு அதில் மெல்ல ஒட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து விரலால் தள்ளியதும் திறந்தது. ராசுவும் தள்ளிப் பார்த்தான். திறந்தது!

"ஆனா இழுத்துச் சாத்த உள்ள ஒண்ணும் இல்லையே" என்றான் அவன்.

"அப்ப உள்ளுக்கும் ஒரு குமிழ் வைப்போம்" என்றாள் தவமலர்.

"அலுமாரிக்கு உள்ளுக்குக் குமிழா? அப்படி யாரும் கேட்டதே இல்லையே!" என்று நானா வாயைப் பிளந்தார். ராசு நீலப் பூப்போட்ட குமிழை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இதுக்குப் பூட்டு இல்லையே, சேலைக்கு என்ன செய்யப் போறீங்க தங்கச்சி?" என்று கேட்டார் நானா.

"சேலை போனாப் போவட்டும்" என்றார் அம்மா.

வருடப் பிறப்பன்று காலை, பக்கத்து வீட்டில் சரவெடி வெடித்தது. ராசு ஒரே ஓட்டமாக ஓடி அலுமாரிக்குள் புகுந்தான். உள்பக்கத்து நீலக் குமிழைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அப்பா திறக்கப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெடி ஓய்ந்தது. கதவு மெல்லத் திறந்தது. முதலில் ஒரு கண் தெரிந்தது. பிறகு முழு ராசுவும் வந்தான்.

"நானே தொறந்தேன்!" என்றான். பிறகு சுற்றிப் பார்த்தான். "எல்லாரும் ஏன் என்னையே பாக்குறீங்க? கொக்கிஸ் எங்க?"

அடுத்த சரவெடிக்கும் அவன் ஓடத்தான் செய்தான். இந்த முறை இரண்டு கையிலும் கொக்கிஸ் பலகாரம் இருந்தது. உள்ளே உட்கார்ந்து மொறுமொறுவென்று சத்தமாகக் கடித்துத் தின்றான். கதவை அவன் முழுதாகச் சாத்தவில்லை.