சதுப்பில் இரண்டு தட்டு

அந்த மலையை அதிகம் பேர் சீண்டுவதில்லை. உச்சியில் அப்படி என்ன இருக்கிறது? மழையில் ஊறிக் கிடக்கும் சதுப்பும், பூச்சி தின்னும் சின்னச் செடிகளும்தான். அவற்றைப் பார்க்க அக்காவும் தம்பியும் வருஷா வருஷம் ஏறுவார்கள். இந்த முறை தம்பி மனைவியும் கூட வந்தாள்.

அவளைச் சதுப்பின் கரையில் உட்கார வைத்து அக்கா சொன்னாள்: "பனி இறங்கினா பாறையில கம்பால ரெண்டு தட்டு தட்டுவோம். பாறை இருந்தாத்தான் அந்தச் சத்தம் வரும். கண்ணை மூடிட்டு அங்க வந்துடு."

"உங்க தம்பியைக் கட்டினப்ப கண்ணை மூடினதே போதும் அண்ணி!"

நடுப்பகலில் பனி இறங்கியது. முன்னால் போன தம்பியைக் காணோம். கூப்பிட்டுக் கூப்பிட்டு அக்காவுக்குத் தொண்டை கட்டிப்போனது.

டொக். டொக்.

அப்பாடா என்றிருந்தது. சத்தத்தை நோக்கி நடந்தாள். அது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது.

"அக்கா..."

பளபளவென்ற பச்சைப் பாசியின் நடுவே தம்பி மார்பு வரை புதைந்திருந்தான். அவள் குப்புறப் படுத்துக் கம்பை நீட்டினாள். பிடித்துக்கொண்டான்.

"எங்கடா பாறை? எதுல தட்டினே?"

"நான் எங்க தட்டினேன்? என் கம்பு அப்பவே உள்ள போயிடுச்சு. நீ தட்டுறேன்னுதானே இங்க வந்தேன்!"

அவள் சுற்றிலும் பார்த்தாள். கண்ணுக்கெட்டியவரை ஒரு கல்கூட இல்லை.

இழுத்தாள். அவன் அசையவில்லை.

"காலை விட மாட்டேங்குதுக்கா."

"எது?"

அவன் அழுதான்.

டொக். டொக். இப்போது கரைப் பக்கம் கேட்டது.

"அண்ணி! கேட்டுடுச்சு, இதோ வரேன்!"

வராதே என்று கத்த வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. கம்பை விட்டால் தம்பி போய்விடுவான். இரண்டு கையாலும் அதை இறுகப் பிடித்தபடி, 'கடவுளே, அவளையாவது விட்டுடு' என்று சேற்றில் முகம் புதைத்துக் கதறினாள். சத்தமே எழவில்லை.

சளக் சளக்கென்று காலடிகள் கரையை விட்டு இறங்கின.

டொக். டொக்.

"சரி சரி, கண்ணை மூடிட்டே வரேன் அண்ணி!"