துளைக்குள் இருந்த கரி

"எங்க வீட்டை எங்க அண்ணன் திருடிட்டாருங்கய்யா" என்றான் பொரோன், தொப்பியைக்கூடக் கழற்றாமல்.

சகின்பெக் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "இப்ப வீடு எங்க இருக்கு?"

"எங்க முற்றத்துல."

தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஜானில் சிரித்துவிட்டாள். "திருடு போன வீடு உங்க முற்றத்துலயே இருக்கா?"

"அது எங்க வீடு இல்லக்கா. அதே மாதிரி இருக்குற வேற ஒண்ணு."

ஜானிலின் விரல்கள் நின்றன. நாரின் என்ற மலையூரின் கல்லூரியில், தத்துவத் துறையில் அவள் பதினாறு வருடமாக அலுவலக வேலை பார்க்கிறாள். துறை என்றால் இந்த ஓர் அறையும் சகின்பெக்கும்தான். காலம் என்று ஒன்று உண்டா, நம் விருப்பம் நம்முடையதுதானா, மாறிக்கொண்டே இருக்கும் பொருள் எப்படி அதே பொருளாக இருக்கிறது என்று அவர் முப்பது வருடமாக மாணவர்களின் தூக்கத்தைக் கெடுத்து வந்தார். அந்தக் கேள்விகளால் யாருக்கும் ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைத்ததில்லை. ஆனால் கூடவே அவர் சொல்லிக் கொடுத்த தர்க்கத்தால் காணாமல் போன மூன்று குதிரைகள் கிடைத்திருந்தன, அதுவும் அவர் நாற்காலியை விட்டு எழாமலே. நான்காவது குதிரையைத் தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஜானிலின் ஆசை.

பொரோன் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். அவனுடைய அப்பா இறந்து ஒரு வருடம் முடிகிறது. வியாழக்கிழமை நினைவு விருந்து. அதற்குக் குடும்பத்தின் கம்பளிக் கூடாரத்தை எழுப்ப வேண்டும். தகப்பன் கூடாரம் கடைக்குட்டிக்குத்தான் என்பதால் அது பொரோனுடையது. அவன் கொட்டகை ஒழுகியதால் குளிர்காலம் முழுக்க அண்ணன் தோலோனின் கொட்டிலில் கிடந்தது. போன வாரம் திரும்பி வந்தபோது துந்துக்கில் ஒரு குறுக்குச் சட்டம் விரிசல் விட்டிருந்தது. துந்துக் என்பது கூடாரத்தின் உச்சி வளையம். கூரைக் கழிகள் எல்லாம் அதன் துளைகளில்தான் போய்ச் செருகிக்கொள்ளும், புகையும் வெளிச்சமும் அதன் வழியாகத்தான் போய் வரும்.

"ஏழு தலைமுறை துந்துக்குங்கய்யா. தச்சன் புரட்டிப் பார்த்துட்டு, 'பழைய ஆளுங்க காய்ச்சின கம்பியாலதான் துளை போடுவாங்க, இது பட்டறை இயந்திரத்துல போட்ட துளை'ங்கறான். பழசை எவனாவது வெளிநாட்டுக்காரன்கிட்ட தள்ளிட்டு, புதுசைக் கறுப்படிச்சு அனுப்பியிருக்காரு."

"கழி, சுவர், கம்பளம்?"

"அதெல்லாம் எத்தனையோ தடவை மாத்தியாச்சு. அது கணக்கில்ல. நீங்கதானே வகுப்புல கேட்டீங்க, கூடாரத்துல ஒவ்வொண்ணா எல்லாத்தையும் மாத்திட்டா அது அதே வீடான்னு? துந்துக் மாறாத வரைக்கும் அதே வீடுன்னு நான் சொன்னேன். முழு மதிப்பெண் போட்டீங்க."

"போட்டேன்" என்று சகின்பெக் ஒத்துக்கொண்டார்.

"நான் பிறந்ததே அதுக்குக் கீழதான். அக்சாய் மேய்ச்சல்ல, ஏப்ரல் பனிப்புயல்ல. பொரோன்னா புயல்தானே, அதையே பேரா வச்சாங்க. அப்பா மந்தையைத் தேடிப் போய் மூணு நாளா வரல. வரட்டியெல்லாம் நனைஞ்சு தீர்ந்துபோச்சு. ஆனாலும் நான் பிறந்த அன்னைக்கு வீடு கோடை மாதிரி வெதுவெதுன்னு இருந்துச்சுன்னு அம்மா சாகுறவரைக்கும் சொன்னாங்க. அப்படிப்பட்ட வீடு அது. அண்ணனுக்கு அந்த மதிப்பே கிடையாது. நாற்பது வருஷத்துல ஒரு தடவை அதைத் தூக்கியிருக்காரா? தோள் வலிக்குதும்பாரு, குதிரையைப் பிடிக்கணும்பாரு."

"இப்ப என்ன செய்யப்போற?"

"வியாழக்கிழமை சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாடியும் அவரைத் திருடன்னு சொல்லிட்டு, இனிமே அவரோட ரொட்டி பிய்க்க மாட்டேன்னு சொல்லப்போறேன். அதுக்கு நீங்க நிரூபிச்சுத் தரணும்."

சபையில் அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு சாவு வீட்டில்கூடச் சேர முடியாது. இவனுக்கோ கூடப்பிறந்தவர் அந்த ஒருவர்தான்.

மறுநாள் காலை ஜானிலின் பழைய மாஸ்க்விச் காரில் அவளும் சகின்பெக்கும் போனார்கள். துந்துக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றது. ஆள் உயரம், அட்டைக் கறுப்பு. சகின்பெக் ஒரு துளைக்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் கரி.

ஜானில் கப்பென்று பிடித்துக்கொண்டாள். "கூடாரம் நிக்கும்போது துளைக்குள்ள கழி இருக்கும். புகை உள்ள போகாது. அப்ப துளைக்குள்ள கரி இருக்குன்னா, கழி செருகுறதுக்கு முன்னாடியே யாரோ கையால பூசியிருக்காங்க. தச்சன் சொன்னது சரி. திருட்டு உறுதி."

"பூசினது உறுதி. இப்ப துளையோட கீழ் விளிம்பைத் தொட்டுப் பாருங்க."

தொட்டாள். அங்கே கரியே இல்லை. மரம் தேய்ந்து கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. அடுத்த துளையும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. அவளுக்கு உடனே எதுவும் பிடிபடவில்லை. அதற்குள் குதிரைச் சத்தம் கேட்டது.

வந்தவர் தோலோன். ஐம்பத்து நான்கு வயது, அகன்ற உடம்பு. துந்துக்குக்குப் பத்தடி தள்ளியே இறங்கி, குதிரையைத் தனக்கும் அதற்கும் நடுவில் நிறுத்திக்கொண்டார்.

"தம்பி உள்ள இருக்கானா? நல்லது. ஐயா, சுத்தி வளைக்க வேண்டாம். நான்தான் எடுத்தேன். அப்படியே அவன்கிட்ட சொல்லிடுங்க."

"யார்கிட்ட கொடுத்தீங்க?"

"எவனோ வெளிநாட்டுக்காரன். பேர் தெரியாது."

"வண்டியில தூக்கி வச்சது நீங்களா?"

"நான் தூக்கல" என்றார் தோலோன் சட்டென்று. "டிரைவர்தான் தூக்கினான்."

சகின்பெக் கரி ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டார். "பொய் சொல்லும்போதுகூட அதைத் தொட்டேன்னு சொல்ல உங்களுக்கு வாய் வரல."

தோலோன் கடிவாளத்தை முறுக்கினார். "பொய்யாவே இருக்கட்டும். யாருக்கு நஷ்டம்?"

"தம்பி உங்களோட ரொட்டி பிய்க்க மாட்டான்."

"பரவாயில்ல. அண்ணன் திருடன்னு நினைச்சுக்கிட்டு அவன் நிம்மதியா தூங்குவான். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், அதோட விட்டுடுங்க."

நாற்பத்தைந்து வயதில் ஜானில் எத்தனையோ ஆண்கள் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். திருடன் பட்டம் கொடு என்று கெஞ்சிய ஒருவரை அன்றுதான் பார்த்தாள்.

மத்தியானம் நான்கு பேரும் பொரோனின் வீட்டில் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தேநீர் வந்தது. நடுவில் வட்ட ரொட்டி யார் கையும் படாமல் கிடந்தது. சகின்பெக் வகுப்பில் பேசும் அதே குரலில் ஆரம்பித்தார்.

"பொரோன், தச்சன் சொன்னது உண்மை. அது ஏழு தலைமுறை துந்துக் இல்ல. யாரோ புதுசைச் செஞ்சு, கையால கறுப்படிச்சிருக்காங்க."

பொரோன் அண்ணனைப் பார்த்தான். தோலோன் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா எப்ப? துளையோட கீழ் விளிம்புல கரி தேய்ஞ்சு மரம் பளபளன்னு இருக்கு. கழி அங்கதான் உராயும். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான் கூடாரம் எழுப்புறீங்க. இந்தக் குளிர்காலத்துல செஞ்ச துந்துக்குக்கு அந்தத் தேய்மானம் வராது, பத்து வருஷத்துலயும் வராது. ஒரு முப்பது நாற்பது கோடைக்காலம் வேணும். அப்ப இது உங்க அண்ணன் கொட்டிலுக்குப் போறதுக்கு வெகுகாலம் முன்னாடியே மாறியாச்சு. வீட்டுத் தலைவருக்குத் தெரியாம வீட்டுல துந்துக் மாறாது. கறுப்படிச்சது உங்க அப்பா. உங்க அண்ணன் திருடல."

அவ்வளவு போதும். ஜானிலுக்கு அது தெரிந்தது, தோலோனுக்கும் தெரிந்தது, அவர் தோள்கள் இறங்கின. பேச்சு அங்கேயே நிற்கட்டும் என்று ஜானில் அவசரமாகக் கோப்பையைச் சகின்பெக் பக்கம் தள்ளினாள். அவர் வாங்கவும் செய்தார்.

"அப்பாவா?" என்றான் பொரோன். "எதுக்காக? ஏன் எங்ககிட்ட மறைக்கணும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சகின்பெக் பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல. பாதியில் நிற்கும் வாதத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் அவருக்குத் தெரியாது. கோப்பையைக் கீழே வைத்தார்.

"அக்சாய்ல மரமே கிடையாது. வரட்டி தீர்ந்துபோச்சுன்னு நீதான் சொன்ன. மூணு நாள் புயல். ஆனா நீ பிறந்த அன்னைக்கு வீடு கோடை மாதிரி இருந்துச்சு. எதை எரிச்சாங்க? சுவரையும் கழியையும் எரிச்சா உங்க அம்மா மேல கூரை நிக்காது. மிச்சம் என்ன இருந்துச்சு? அது இல்லாட்டியும் கழி நுனிகளை ஒண்ணாச் சேர்த்துக் கட்டிக் கூரையை நிறுத்திடலாம். அந்தக் கூடாரத்துல கோடரி தூக்கக்கூடிய ஆள் ஒருத்தர்தான் இருந்தார். அவருக்குப் பதிமூணு வயசு. அதுக்கப்புறம் அவர் துந்துக்கைத் தொடவே இல்ல."

அந்த மலைப் பக்கத்தில் ஒருவனை வேரோடு சபிக்க வேண்டுமென்றால், உன் துந்துக் விழட்டும் என்றுதான் சபிப்பார்கள். அதைத் தன் கையாலேயே வெட்டி அடுப்பில் வைத்த ஒருவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

"காத்துல அது விழுந்துடுச்சு" என்றார் தோலோன். "பெட்டியை எரிச்சேன், சேணத்தை எரிச்சேன். நீ நீலமா பிறந்த, அழவே இல்ல. நூறு வருஷம் புகையில காய்ஞ்ச மரம். தொட்டதும் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் நீ அழுத."

"அப்பா?"

"வந்தார். சாம்பலைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டல. கோடையில பண்ணைப் பட்டறையில போய்ப் புதுசு செஞ்சு, கொழுப்பும் கரியும் குழைச்சுப் பூசினார். யார்கிட்டயும் சொல்லாதன்னு ரொட்டி மேல சத்தியம் வாங்கினார். திட்டியிருந்தா நான் அதைத் தொட்டிருப்பேனோ என்னவோ."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணே."

"சொன்னா நீயும் சுமக்கணும்ல. சின்னப் பையன்."

"எனக்கு நாற்பத்தொண்ணு ஆகுது."

"ஆகட்டும்."

பொரோன் சகின்பெக்கின் பக்கம் திரும்பினான். அவன் குரல் பரீட்சையில் திணறும் மாணவனுடையது போல இருந்தது. "துந்துக்தான் வீடுன்னா, எங்க வீடு நான் பிறந்த அன்னைக்கே எரிஞ்சுபோச்சு. என்னாலதான் எரிஞ்சுது. அப்படித்தானே வருது?"

"அப்படியும் வரலாம்" என்றார் சகின்பெக். "இல்ல, எதிர்ப்பக்கமா நடந்தும் பார்க்கலாம். வீடு எரியல, அது இருக்கு, நீங்க ரெண்டு பேரும் அதுலதான் வளர்ந்தீங்க. அதனால துந்துக் வீடு இல்ல. ரெண்டு பக்கமும் தர்க்கம் வழி விடும்."

"எது சரி?"

"அதைத் தர்க்கம் சொல்லாது. ஒண்ணை வச்சுக்கிட்டா இன்னொண்ணை விடணும்னு மட்டும்தான் சொல்லும்."

"அப்ப நீங்க சொல்லுங்க."

சகின்பெக் கீழே வைத்த கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டார். முழு மதிப்பெண் போட்ட அந்த விடைத்தாள் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

தோலோன் எழுந்தார். "என் வாயால நான் முதல்ல சொல்லல ஐயா. நீங்கதான் சொன்னீங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னதால்தான் அது ஜானிலை அதிகமாகக் குத்தியது.

திரும்பும் வழியில் பத்து மைல் தாண்டியாயிற்று. பிறகு சகின்பெக் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "முடிவுல தப்பில்ல. 'உங்க அண்ணன் திருடல'ன்னு சொன்னதோட நிறுத்தியிருக்கணும். கேள்வி அவ்வளவுதான். மிச்சத்தை எனக்காகச் சொன்னேன்."

வேறு நாளாக இருந்தால் ஜானில் ஆறுதல் சொல்லியிருப்பாள். அன்று அவளுக்கு அவர்மேல் வருத்தமாக இருந்தது. கோப்பையைத் தள்ளியதோடு விட்டுவிட்ட தன்மேலும் வருத்தமாக இருந்தது. நான்காவது குதிரை ஆசை அதோடு போய்விட்டது.

வியாழக்கிழமை விருந்துக்கு அவர்களுக்கும் அழைப்பு வந்தது. முற்றம் நிறையச் சொந்தக்காரர்கள். பொரோன் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. அண்ணன் கையிலிருந்தே முதல் ரொட்டித் துண்டை வாங்கித் தின்றான். சுவர் கட்டியாயிற்று. கூரைக்கு ஆட்கள் கழிகளோடு சுற்றி நின்றார்கள். துந்துக்கை உயர்த்தும் நீளமான கவைக்கோலைப் பொரோன் தானே சுமந்து வந்து, வேலியோரம் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணனிடம் நீட்டினான்.

"நீங்க தூக்குங்கண்ணே."

அந்த வார்த்தையில் என்ன இருக்கிறது என்று அந்த நான்கு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. தோலோன் கவைக்கோலைப் பார்த்தார். கடிவாளத்திலிருந்து ஒரு கை மட்டும் விலகியது, பாதி வழி போனது, நின்றது.

"நாற்பது வருஷம் பொய் சொல்லிட்டேன்டா" என்றார். "இப்ப நிஜமாவே தோள் வலிக்குது. நீ தூக்கு."

பொரோன் கவைக்கோலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு தானே தூக்கினான். ஒற்றை ஆளாகத் தூக்கியதில் துந்துக் சாய்ந்து ஆடியது, கழிகள் ஒவ்வொன்றாகத் துளைகளில் ஏறியதும் நிமிர்ந்துகொண்டது. அவன் கீழேயே நின்றான், ஆனால் அண்ணாந்து பார்க்கவில்லை.

தோள் வலி நிஜம்தானா என்று ஜானிலுக்குச் சந்தேகம். சற்று முன்புதான் அதே கையால் அவர் கனத்த சேணம் ஒன்றை இறக்கி வைத்ததை அவள் பார்த்திருந்தாள். கேட்க வாயெடுத்துக்கொண்டே சகின்பெக்கின் பக்கம் திரும்பினாள். அவர் தோலோன் நின்ற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் கேட்கவில்லை.