வெட்டக் கூடாத கேபிள்

ஆரணியில் கேபிள் டிவி நடத்தும் ஜெயக்குமாருக்கு அந்த வருடம் இன்டர்நெட் ஆசையும் வந்துவிட்டது. மேசைமேல் ஊர் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். எதிரே, வேலூர் கேபிள் வியாபாரி பன்னீர்செல்வம்.

"நெட்டுக்குப் போடற ஃபைபர் கேபிள்ல ரெண்டு வகை இருக்குதுங்க. மல்ட்டிமோடுல வெளிச்சம் பல வழியா ஓடும். ரெண்டு கிலோமீட்டர் தாண்டினா குழம்பிடும். சிங்கிள்மோடுல ஒரே வழி. ரொம்ப தூரம் போவும். ஆனா அதுக்கு மாட்டற பெட்டி விலை ஜாஸ்தி."

"நம்ம லைன் தேர்த்தெரு வழியா நேரா போவுதே?"

"அப்ப தூரம் கம்மி. மல்ட்டிமோடே போதும். நாளைக்கு சாயங்காலம் வந்து ஆர்டர் வாங்கிக்கறேன்."

ஜெயக்குமாரின் மகள் ஹேமலதா ஆறாம் வகுப்பு. அவள் வரைபடத்தில் தோழி ஸ்டெஃபியின் வீட்டைத் தேடினாள். ஆற்றோரத் தெருப் பக்கம் கோடே போகவில்லை.

ஸ்டெஃபியின் அப்பா ஜான், கம்ப்யூட்டரில் பட்டுப்புடவை பார்டர் வரைபவர். வரைந்ததை சிடியில் போட்டுக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறுவார். திரும்பி வருவதற்குள் ஸ்டெஃபி தூங்கிவிடுவாள். "நெட் வந்தா எங்கப்பா வீட்லயே இருப்பாரு" என்று அவள் சொல்லாத நாளில்லை. "கண்டிப்பா வரும்" என்று ஹேமா வாக்குக் கொடுத்திருந்தாள், தன் அப்பாவைக் கேட்காமலே.

"அப்பா, ஆத்தோரமா சுத்தி எடுத்துகினு போலாமே?"

"சுத்தினா தூரம் ஆவும், செலவு ஏறும். பேஜார் பண்ணாதம்மா."

ஹேமாவுக்கு அழுகை முட்டியது. அழுதால் ஆர்டர் நிற்காது என்பதும் தெரிந்தது. மறுநாள் பள்ளி விட்டதும் தேர்த்தெரு வழியே, ஒவ்வொரு கம்பமாகப் பார்த்தபடி நடந்தாள்.

தெரு முனையில் தகரம் போட்டு மூடிய தேர் நின்றது. அண்ணாந்து பார்த்தாள். கம்பங்களைவிடத் தேர்தான் உயரம். போன திருவிழாவில் அப்பா ஏணியில் ஏறி, தேருக்கு வழிவிட டிவி கேபிளை வெட்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது. தேர் போனதும் மறுபடி இணைத்தார்.

ஹேமா வீட்டுக்கு ஓடினாள். பன்னீர்செல்வம் அப்போதுதான் பேனாவைத் திறந்திருந்தார்.

"அங்கிள், இந்த ஃபைபரை வெட்டிட்டு மறுபடி சேர்க்கலாமா?"

"ஏம்மா வெட்டணும்? உள்ள இருக்கறது கண்ணாடி நூல். டிவி கேபிள் மாதிரி சட்டுனு சேர்க்க முடியாது. மிஷின் கொண்டாந்துதான் ஒட்டணும்."

"அப்ப தேர் வந்தா?"

பன்னீர்செல்வம் பேனாவை மூடினார். ஆரணியிலேயே பிறந்து வளர்ந்த அப்பாவுக்குத் தேர் மறந்தே போயிருந்தது. வரைபடத்தில்தான் தேர் இல்லையே.

"வருஷா வருஷம் வெட்டி ஒட்டறதா? கட்டுப்படியாவாது" என்றார் அப்பா. "தேர் வராத வழி எது?"

"ஆத்தோரத் தெரு" என்றாள் ஹேமா, ரொம்ப சாதுவாக.

அப்பா மொபெட்டை எடுத்தார். ஹேமா பின்னால் ஏறிக்கொண்டாள். ஸ்டெஃபி வீட்டைத் தாண்டி, ஊரைச் சுற்றி முடிப்பதற்குள் மீட்டரில் தூரம் இரண்டு கிலோமீட்டரைத் தாராளமாகத் தாண்டிவிட்டது.

"சிங்கிள்மோடே போட்டுடுங்க" என்று வந்ததும் வராததுமாகச் சொன்னார் அப்பா. பிறகு மகளின் காதைச் செல்லமாகத் திருகினார். "நீ நெனச்சதை சாதிச்சுட்ட."

"நான் இல்லப்பா, தேர்தான்."

அடுத்த திருவிழாவில் அப்பா வழக்கம்போல ஏணியில் நின்றார். ஊர் முழுக்க டிவி நின்றது, நெட் நிற்கவில்லை. கூட்டத்தில் ஸ்டெஃபி தன் அப்பாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், இன்னிக்கு காஞ்சிபுரம் போகலையா?" என்று கேட்டாள் ஹேமா.

ஜான் சிரித்தார். "டிசைன் காலையிலயே போயிடுச்சு. நான்தான் போகல."