பரணில் ஒரு வாக்கியம்

அவன் கத்தி முடித்ததும், கீழே சாமைக் கொல்லைக்குள் யாரோ “ம்” என்றார்கள்.

கோபால்சாமி காவல் பரணின் மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மலைச் சரிவிலிருந்து பனி இறங்கி, விளைந்து தலை கவிழ்ந்த சாமைக் கதிர்களை மூடி, ஈர வைக்கோல் வாசனையோடு பரணின் கால்கள்வரை வந்துவிட்டிருந்தது. ஒரு கதிரும் அசையவில்லை. பன்றி என்றால் கொல்லையே சலசலத்திருக்கும்.

எழுபதாம் வருடம் வந்த அவனுடைய முதல் நாவலைக் கொண்டாடாதவர்கள் இல்லை. அடுத்ததில் பாதி வந்ததும் பேனா நின்றுவிட்டது. நின்று ஒன்பது வருடம். எழுதுவான், படித்துப் பார்ப்பான், ‘அதை எழுதினவனா இதை எழுதினான்’ என்று யாரோ சிரிப்பது போலிருக்கும், கிழித்துவிடுவான். வாணியம்பாடி ஆபீசில் நீண்ட லீவு சொல்லிவிட்டு, காவலூருக்கு அப்பால் மாணிக்கம்மாளின் கொட்டகையில் வந்து தங்கியது இதற்காகத்தான். இங்கேயும் வரவில்லை என்றால் இனி எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வாயில்லை. வந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு வரி வரவில்லை.

இன்று மாணிக்கம்மாள் புருஷனை ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது கொல்லைக் காவலை இவன் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

“நாங்க வர்ற வரைக்கும் பாத்துக்கங்க சார். அப்பப்ப கொரல் குடுத்தா போதும். இன்னா வேணா கத்துங்க, பன்னிக்கு வார்த்தையா தெரியப்போவுது? எதிர்ப் பரண்ல கருப்பன் இருக்கான், அவனும் கத்துவான்.”

ஓய், ஓய் என்று கத்தி அலுத்துப்போய், விளையாட்டாகத் தன் நாவலில் கடைசியாக எழுதிய வாக்கியத்தைக் கத்தினான். ஒன்பது வருடமாக அடுத்த வரி கிடைக்காமல் நிற்கிற வாக்கியம். “ரஞ்சிதம் கதவைத் திறந்தாள்.”

அதற்குத்தான் அந்த ‘ம்’. கதை கேட்கிறவர்கள், மேலே சொல்லு என்று கொட்டுகிற ‘ம்’.

பனிக்கு அப்பாலிருந்து கருப்பனின் குரல் வந்தது. “சார், கத சொல்றீங்களா? கூட யாரு ‘ம்’ கொட்றது?”

“யாருமில்லப்பா. நான் மட்டுந்தான்.”

கருப்பன், “நான் வூட்டுக்குப் போய்ட்டு வர்றேன் சார்” என்றான். எப்போதும் எட்டூருக்குக் கேட்கிற குரல், இப்போது எதிரில் இருக்கிறவனிடம் பேசுவது போல இறங்கியிருந்தது. அவன் மூட்டியிருந்த நெருப்பின் செம்மை பனிக்குள் மங்கி, இல்லாமல் போனது.

“ம்.”

இப்போது கிட்டே. வரப்போரம்.

கோபால்சாமிக்கு எதையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். “உள்ளே யாரும் இல்லை” என்றான்.

“ம்” என்று பதில் வந்தது, கொல்லையின் மறுகோடியிலிருந்து. தள்ளிப் போயிருந்தது.

சொன்னால் போகிறது. நிறுத்தினால் வருகிறது. புரிந்ததும் அவன் நிறுத்தவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்றான், பாய் விரித்தபடி கிடந்தது என்றான், அடுப்பு இன்னும் ஆறவில்லை, வாசலில் கழற்றிவிட்ட செருப்பு யாருடையது என்று ரஞ்சிதத்துக்குத் தெரியவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனான்; ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ விலகி, புளியமரத்தையும் தாண்டி, கேட்டும் கேட்காமலும் தேய்ந்தது. ஒன்பது வருடம் வராதது வந்துகொண்டிருந்தது. பயத்துக்கு நடுவில் அவனுக்கு வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷம். வந்துவிட்டது, இனி எழுதிவிடலாம்.

“ரஞ்சிதம் பானைக்குள் எட்டிப் பார்த்தாள்” என்றான்.

சொன்னதும் மட்டமாகப் பட்டது. எட்டிப் பார்த்தாளாம். பள்ளிக்கூடத்துப் பையன் எழுதுவது. இதை வேறு எப்படிச் சொல்லலாம் என்று யோசித்தான்.

“ம்.”

பரணுக்கு நேர் கீழே.

ஏணி முனகியது. ஒரு படி.

சொல்லு. ஏதாவது சொல்லு. பானைக்குள் தண்ணீர் இருந்தது. அது போதும். போய்விடும்.

வாக்கியம் தயாராக நாக்கில் இருந்தது. வாயைத் திறந்தான்.

தண்ணீர் இருந்தது. இவ்வளவுதானா?

இன்னொரு படி. சேற்று வாடை.

இதைவிட நல்லதாக. இதைவிட. ஒன்றே ஒன்று.

இன்னொரு படி.

பரணின் விளிம்பில் ஒரு தலை எழுந்தது. ஈரமாக, வெளுத்து. முகத்தை அது காட்டவில்லை. கதை கேட்கிற குழந்தையைப் போல ஒருக்களித்துச் சாய்ந்து, காதை மட்டும் அவன் பக்கம் திருப்பியிருந்தது. அப்படியே முழங்காலால் ஊர்ந்து அருகில் வந்தது. திறந்தபடியே நின்ற அவன் வாயில் அந்தக் குளிர்ந்த காதைப் பொருத்தி வைத்துக்கொண்டு, அசையாமல் காத்திருந்தது.