சாம்பலான சரக்கு

வரலட்சுமி வந்தது காலையிலா மாலையிலா, வெளியே மழை பெய்ததா என்பதையெல்லாம் சரியாகச் சொல்கிறேனா என்று எனக்கே ஐயம். இதை எனக்குச் சொன்ன அபியே ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்கிறாள். அவள் மாற்றாமல் சொல்வது அந்த வாசனையை மட்டும்தான்.

தெருவில் விற்கும் ஹெராயினின் விலை, சுத்தம், பிறப்பிடம் மூன்றையும் கணிப்பது ஆய்வாளர் செம்மலின் வேலை. அபி அவருடைய உதவியாளர். அந்த ஆய்வுக்கூடத்துக்குத்தான், தவளக்குப்பத்தில் மீன் விற்கும் வரலட்சுமி ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"பெரியவன் ஆஸ்பத்திரில மூச்சு இல்லாம கெடக்குறான் சார். எப்பவும் போடுற பவுடருதான், அதே வெலைதான். மோந்து பாருங்க, பொட்டில கெடந்த பட்டுப்பொடவையாட்டம் நாறுது. சின்னவனும் இதத்தான் போடுறான். மிச்சம் எங்க இருக்குதுன்னு கண்டுபுடிச்சு நிறுத்துங்க."

செம்மல் பொட்டலத்தை அபியிடம் நீட்டினார்.

மறுநாள் அபி ஓடிவந்தாள். "சார், நூத்துக்கு அறுபது சுத்தம்! தெருவுல பத்தத் தாண்டி நான் பாத்ததே இல்ல."

"வெலை மட்டும் ஏறல. காசு குடுத்து வாங்குனவன் இப்பிடி விப்பானாம்மா?"

"மாட்டான் சார். கலந்து ஆறு மடங்காக்கிடுவான்."

"அப்ப இவனுக்குச் சும்மா கெடைச்சிருக்கு."

பறிமுதல் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அய்யப்பன், சோதித்து முடித்த மாதிரிகளை எடுத்துப்போக வந்தார். "அண்ணே, நீங்க வந்தாலே கல்யாணப் பொட்டிய தொறந்தாப்ல இருக்குது," என்று அபி சிரித்தாள்.

"கரப்பான் தொல்லைம்மா. அலமாரி பூரா அந்துருண்டைதான்."

அவர் போனபின் அபியின் சிரிப்பு நின்றது. பொட்டலத்திலும் அதே வாசனைதான் என்று கிடங்குச் சரக்குகளின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். பொட்டலத்தின் கலவை, போன வருடம் காலாப்பட்டுக் கரையில் படகோடு பிடிபட்ட சரக்கோடு அப்படியே பொருந்தியிருந்தது.

"அத மேட்டுப்பாளையம் சூளையில எரிச்சாச்சே சார். நானே நின்னு பாத்தேன்."

"என்னம்மா பாத்த?"

"மூட்டைய எடை போட்டாங்க. சரியா இருந்துச்சு."

"பிரிச்சு சோதிச்சோமா?"

"இல்ல சார்," என்றாள். எரிக்கும் நாளில் எடை மட்டும்தான் பார்ப்பார்கள். ஒருமுறை சோதித்ததை யாரும் மறுபடி சோதிப்பதில்லை. அதுதான் வழக்கம்.

செம்மல் அய்யப்பனையும் மேலதிகாரி கோவிந்தசாமியையும் அழைத்தார். விலையையும் சுத்தத்தையும் வாசனையையும் ஒவ்வொன்றாக அவர்கள் முன் வைத்தார். "அன்னிக்கு எரிஞ்சது வேற ஏதோ மாவு. மாத்துறதுக்கு சாவி ஒங்ககிட்ட மட்டுந்தான் இருந்துச்சு. மிச்சம் எங்க?"

அய்யப்பன் பதறவில்லை. "அது சாம்பலாயிடுச்சுன்னு நீங்கதான கையெழுத்து போட்டீங்க? சாம்பல எப்பிடி சார் திருடுறது?"

கோவிந்தசாமி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். "அவரு சொல்றதுல தப்பில்ல செம்மல். இல்லாத சரக்குக்கு என்ன கேஸு போடுறது?"

வெளியே காத்திருந்த வரலட்சுமியிடம், "சின்னவன மட்டும் அதத் தொட விடாதம்மா," என்றார் செம்மல்.

"நான் சொன்னா கேக்குற புள்ளையா இருந்தா, ஒங்ககிட்ட ஏன் சார் வரேன்?"

பெரியவன் அந்த வாரமே இறந்தான். சின்னவன் பொங்கலுக்கு முன்பு இறந்தான். அய்யப்பனை வேறொரு கிடங்குக்கு மாற்றினார்கள். கோவிந்தசாமிக்குப் பதவி உயர்வு வந்தது. செம்மல் விருப்ப ஓய்வு பெற்றார். வரலட்சுமி இன்றும் தவளக்குப்பத்தில் மீன் விற்கிறாள். அபி இன்றும் பொட்டலங்களைச் சோதிக்கிறாள். பிரித்ததும் முதலில் மோந்து பார்க்கிறாள்.